மூக்கு திரும்பிய பக்கம்

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பெரம்பூர் செல்வின் போனில் சொல்லிவிட்டான். சொன்னவனுக்கு என்ன, அவனிடம் இரண்டு மாடல் விமான எஞ்சின் இருக்கிறது, வாங்க இரண்டு பேர் இருக்கிறார்கள், நாச்சிமுத்து வேண்டாம் என்பதை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நாச்சிமுத்து அல்லவா இந்த வராந்தா பெஞ்சில், மடியில் இரண்டு வரைபடங்களை விரித்து, அவை சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு ஓரத்தில் ஸ்கூட்டர் சாவியையும் மறு ஓரத்தில் கண்ணாடிக் கூட்டையும் பாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி பதித்த கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி வசந்தாமணி, பக்கவாதம் வந்து போன இடது கையைப் பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறாள். அவள் வெளியே வருவதற்குள் முடிவெடுத்துவிட்டால் நல்லது. எடுத்த முடிவை அவளிடம் சொல்வது சுலபம். எடுக்கப்போகிற முடிவைச் சொன்னால் கேள்வி கேட்பாள். இரண்டரை சிசியா, ஏழரை சிசியா. மச்சினன் ரங்கசாமியிடம் போன வாரம் வாய் தவறிச் சொன்னதற்கு, "ஏழரையை யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா மாமா" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். கன்ட்ரோல் லைன் விமானம் என்றால் என்ன என்று முதல்முதலில் அவனுக்கு விளக்கிய நாளும் அப்படித்தான். லேசான பால்சா கட்டையில் செய்த சின்ன விமானம், உள்ளே நிஜ எஞ்சின், இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் அறுபதடிக்கு வந்து ஓட்டுகிறவன் கையில் இருக்கும் பிடியில் முடியும், மணிக்கட்டை மடக்கினால் ஏறும், இறங்கும், ஓட்டுகிறவன் நடுவில் நின்று அதோடு கூடவே சுற்ற வேண்டும் என்று இவர் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டறதுன்னு சொல்லுங், புரிஞ்சு போச்சு" என்றான். வசந்தாமணி அன்றைக்குத் தம்பியை முறைத்தாள். உள்ளே சமையலறைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டாள் என்பதும் நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

பொருத்தம் பார்ப்பது கல்யாணத்தோடு முடிகிற விஷயமா என்ன. இறக்கை பெரிதாகவும் எஞ்சின் சிறிதாகவும் இருந்தால் விமானம் தலைக்கு மேலே போகும்போது கம்பி தளரும்; கம்பி தளர்ந்த பிறகு பிடி கையில் இருந்து என்ன, இல்லாமல் என்ன. எஞ்சின் பெரிதாகவும் இறக்கை சிறிதாகவும் இருந்தால் சுற்றின் வேகம் ஆளைப் பம்பரமாக்கிக் கீழே தள்ளும். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவிலேயே ஆயுளைக் கழித்தவர் அவர், எந்த மோட்டாருக்கு எந்தப் பம்ப் என்று ஜோடி சேர்த்தே முடி நரைத்தவர், இந்தக் கணக்கெல்லாம் அவருக்குக் கரதலப்பாடம். மடியில் இருக்கிற இரண்டு வரைபடங்களும் அவையவற்றின் எஞ்சினோடு குறையில்லாமல் பொருந்துகின்றன. சின்னதற்குத் தட்டையான உடம்பு, முழங்கை நீளத்துக்கு இரண்டு இறக்கை, மொத்த எடை ஒரு தேங்காய்க்கு மேல் வராது. அதற்கு இரண்டரை சிசி. பெரியது அகன்ற இறக்கையும் நீண்ட வாலுமாக, தலைக்கு மேல் வட்டம் போடும், எட்டுப் போடும், தலைகீழாகவும் பறக்கும். அதற்கு ஏழரை சிசி. கணக்கில் குழப்பமே இல்லை. குழப்பம் இல்லாததால்தான் மனிதர் காலையிலிருந்து இறக்கையின் பரப்பளவைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருக்கிறார், வேறெதையும் யோசிக்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. சின்ன விமானத்தின் வாலுக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கொக்கி வரைந்து வைத்திருக்கிறார். தரையில் ஒரு முளை, முளையில் கொக்கி, கொக்கியிலிருந்து வட்டத்தின் நடுவரைக்கும் ஒரு நூல். எஞ்சினை முடுக்கிவிட்டு, நிதானமாக நடந்து நடுவுக்கு வந்து, பிடியைக் கையில் எடுத்து, நூலை ஒரு சுண்டு சுண்டினால் கொக்கி விலகும், விமானம் ஓடும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டவள் வசந்தாமணி. விமானத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, இறக்கையின் பின்விளிம்பை அதன் உடம்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கையாலும் பிடித்தபடி, எஞ்சின் கத்துகிற கத்தலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நடுவில் போய் நின்று இவர் எப்போது கையைத் தூக்குவார் என்று பார்த்திருப்பாள். தூக்கியதும் விட்டுவிடுவாள். அதற்காகவே பழைய நீலச் சேலை ஒன்று உண்டு. எத்தனை துவைத்தாலும் விளக்கெண்ணெய் வாடை போகாத சேலை, எரிபொருளில் கால்வாசி அதுதானே. கோயிலுக்கு வர மாட்டேன் என்பவள் மைதானத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். கொக்கியைப் போட்டுவிட்டால் அவள் வீட்டிலேயே இருக்கலாம், ஓய்வு நல்லது, வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் கேட்கிறது, ரெஜினா, நாகர்கோவில் பக்கம், சிரித்த முகம். "விடுங்கம்மா. விடுங்க." என்னவோ சொல்லிக்கொடுக்கிறாள். இங்கே வராந்தாவில் டெட்டால் வாடையும், எதிர்க்கடையில் போண்டா வேகிற வாடையும் மாறி மாறி வருகின்றன. அவருக்கு மூக்கில் விளக்கெண்ணெய்ப் புகைதான் நிற்கிறது, அந்த ஞாயிற்றுக்கிழமையின் புகை. மூடிய மில்லின் மைதானம், வேலியோரம் வாகை மரம், காற்று கிழக்கிலிருந்து. எரிபொருள் டாங்கி நிறைய ஊற்றியிருந்தார். இந்த எஞ்சின்களுக்கு நிறுத்தும் குமிழ் கிடையாது, வேகத்தைக் குறைக்கவும் வழி கிடையாது. ஊற்றியது தீரும்வரை ஓடும், ஓடும்வரை ஓட்டுகிறவன் பிடியை விட முடியாது. இன்னொன்று, சுற்றும்போது விமானத்தையே பார்க்க வேண்டும், பின்னால் ஓடுகிற உலகத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அவர் அதை நன்றாகப் பழகி வைத்திருந்தார். விமானத்துக்குப் பின்னால் மரம் என்பது ஒரு பச்சை இழுப்பு, மில் சுவர் ஒரு மஞ்சள் இழுப்பு, வசந்தாமணி ஒரு நீலம். சுற்றுக்கு ஒரு தடவை நீலம் வரும், போகும். அன்றைக்கு நீலம் உயரமாக இருந்தது. அடுத்த சுற்றிலும் உயரமாகத்தான் இருந்தது. அப்புறம் குட்டையாக ஆனது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது, வெயில், என்று நினைத்தார். நினைத்தாரா, இல்லை பிறகு யோசிக்கும்போது நினைத்ததாக நினைக்கிறாரா. அப்புறம் ஒரு சுற்றில் நீலம் எரிபொருள் டின் பக்கமாகச் சாய்ந்திருந்தது, அதற்கடுத்த சுற்றில் தரையோடு தரையாக இருந்தது. அப்போதுதான் அவர் கண்ணை விமானத்திலிருந்து எடுத்தார். எடுத்ததும் மைதானமே கழன்று சுற்றியது. மணிக்கட்டை ஒரே மடக்காக மடக்கினார், விமானம் மூக்கால் குத்திச் சிதறியது, எஞ்சின் வளைந்து போயிற்று, அவர் நேராக ஓட முடியாமல் கோணிக் கோணி ஓடினார். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்குச் சுற்றுகளைப் பற்றித் தெரியாது. நீலம் குட்டையானதிலிருந்து மணிக்கட்டை மடக்கியதுவரை எத்தனை சுற்று? எண்ணினால் ஒரு நாள் நான்கு வருகிறது, ஒரு நாள் ஆறு வருகிறது. வசந்தாமணியிடம் கேட்டால் தெரியும். கேட்கவில்லை. செல்வினிடம் மட்டும், எந்த எஞ்சின் என்றாலும் இருப்பதிலேயே சின்ன டாங்கியாகச் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். "சின்ன டாங்கின்னா ரெண்டு நிமிசம் கூட வராது சார், என்னாத்துக்கு" என்று அவன் கேட்டதற்கு, பழகுவதற்கு என்று சொன்னார். பத்து விமானம் கட்டிப் பறக்கவிட்ட மனிதருக்குப் பழகுவதற்கு. அவனும் சரி என்று சொல்லிவிட்டான்.

சரி, அது போகட்டும், பயத்தைக் காரணமாக வைத்து எஞ்சின் வாங்க முடியாது. காரணம் வேறு இருக்கிறது, நியாயமான காரணம், பங்குனியில் கண்ணால் பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நடை ஓரளவு தேறி, இடது கை தோள்வரை உயர ஆரம்பித்ததும் அவள்தான் போகலாம் என்றாள். பரணில் கிடந்த பழைய விமானத்தை இறக்கித் துடைத்து எடுத்துப் போனார்கள். மண்டியிடக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள், இவர் கை கொடுத்தார், அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். இவர் நடுவுக்குப் போய்க் கையைத் தூக்கினார். விமானம் கிளம்பியது, கிளம்பின மாதிரி கிளம்பி, மூக்கை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, நேராக அவரைப் பார்த்து வந்தது. கம்பி தொளதொளவென்று புல்லில் கிடந்தது. பிடியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்து விலகினார். விமானம் அவரைத் தாண்டிப் போய் வேலியில் மோதி இறக்கையை முறித்துக்கொண்டது. அவ்வளவுதான். அன்றைக்கே முடிவாகத் தெரிந்துவிட்டது: கையில் பலம் இல்லை, எஞ்சினின் இழுப்பைத் தாங்கவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. மச்சினனிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், டாக்டரிடமும் சொன்னார். கையில இன்னும் பலம் வரலீங்க. அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதது ஒப்புக்கொண்ட மாதிரிதானே. ஆகவே சின்ன எஞ்சின், கம்மியான இழுப்பு. அதையும் அவள் பிடிக்க வேண்டாம், கொக்கி பிடிக்கட்டும். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துகிறதென்றால் போனை எடுத்துச் செல்வினைக் கூப்பிட வேண்டியதுதானே. சட்டைப் பையில்தான் இருக்கிறது போன். அந்த மூக்குதான் விடமாட்டேன் என்கிறது. தினமும் வருகிறது, பல் துலக்கும்போது வருகிறது, சாம்பார் சாதம் பிசையும்போது வருகிறது, உள்பக்கம் திரும்பி அவரைப் பார்த்து வருகிற அந்த மூக்கு. பயந்துவிட்டோம், அதனால் வருகிறது என்று இத்தனை நாள் வைத்திருந்தார்.

"விடுங்கம்மா. மெல்ல. அவசரம் இல்ல, விடுங்க." இந்தப் பெண் எத்தனை தரம்தான் இதையே சொல்வாள். பிடிங்க என்று ஒரு தரம் கூடச் சொல்லக் காணோம். நாச்சிமுத்து வரைபடங்களைப் பாரத்தோடு பெஞ்சில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். எத்தனை மாதமாக இங்கே கூட்டி வருகிறார், உள்ளே பார்த்ததே கிடையாது. பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வசந்தாமணி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து. பிடித்திருந்தாள் என்று சொன்னால் போதாது, விரல்கள் நகம் வெளுக்கிற அளவுக்குப் பந்துக்குள் புதைந்திருந்தன. எதிரே ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடை. பந்தைக் கூடைக்குள் போட வேண்டும், அதுதான் வேலை. அவள் முகம் கூடையைப் பார்த்தபடி இருக்கிறது, கை கூடைக்கு மேல் இருக்கிறது, பந்து விழவில்லை. கட்டைவிரல் முதலில் அசைந்தது. ஆள்காட்டி விரல் நிமிர ஆரம்பித்து, யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி மறுபடி மடங்கிக்கொண்டது. ரெஜினா காத்திருந்தாள். வராந்தாவில் நாச்சிமுத்துவும் தன்னை அறியாமல் காத்திருந்தார். இவளுக்குப் பலம் இல்லை என்று யார் சொன்னது? ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது இடது கையை இவர் தோளில் வைத்துக்கொள்வாள். இறங்கின பிறகும் எடுக்க மாட்டாள். கீழே நின்றுகொண்டு தோளைப் பிடித்தபடியே இருப்பாள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்து, "வந்தாச்சு, வா" என்று இவரே அந்தக் கையை எடுத்துவிடுவார். காப்பி டம்ளரை நீட்டுவாள், வாங்கினால் வராது, சூடாக இருக்கிறதே என்று இழுத்து வாங்குவார். ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பாள், என்ன எடுக்க வந்தோம் என்று மறந்துவிட்டாள் பாவம் என்று எண்ணிக்கொள்வார். மூக்கு வந்தது. இந்தத் தடவை அவர் ஒதுங்கவில்லை, டெஸ்டிங் பெஞ்சில் நின்று பழுதான மோட்டாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். விமானம் அப்பிரதட்சிணமாகச் சுற்றுவது, அதனால் நடுவில் நிற்கிற ஆள் எப்போதும் விமானத்தின் இடது பக்கம். இடது கை பலமில்லாமல் முன்னாலேயே விட்டிருந்தால், வலது கைதான் கடைசிவரை பிடித்திருக்கும். வலது பக்கம் மாட்டிக்கொண்டால் மூக்கு வலது பக்கம் திரும்பும், வெளியே போகும், கம்பி இழுபடும். மூக்கு உள்ளே அல்லவா திரும்பியது. இடது பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. வலது கை விட்டுவிட்டது, இடது கை விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு குச்சியைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுமே. ஊரெல்லாம் சொன்னாரே, பலம் இல்லை, பலம் இல்லை என்று, அவளை வைத்துக்கொண்டே. அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே பந்து கூடைக்குள் விழுந்தது, சத்தம் வெளியே கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வசந்தாமணி வெளியே வந்தபோது படங்களைச் சுருட்ட அவருக்குத் தோன்றவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, பெரியதைப் பார்த்தாள், சின்னதைப் பார்த்தாள். சின்னதன் வாலுக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"இதென்னங், கொக்கியா?"

"ஆமா."

"எதுக்குங்?"

"விமானத்தைப் புடிச்சுக்கறதுக்கு."

"அப்ப நானு?" என்றாள். கொத்தமல்லி வாங்கணுமா வேண்டாமா என்று கேட்கிற குரல்தான், கோபம் எதுவும் இல்லை. அதற்கு அவரிடம் பதில் இருந்தது, ஓய்வு, வெயில், எல்லாம் வரிசையாக இருந்தது. அவர் வேறொன்றைச் சொன்னார்.

"மூக்கு உள்ளதான் வசந்தா திரும்புச்சு."

அவள் இடது கையை மடியில் வைத்து வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திக்கொண்டாள். "உள்ளதானுங்களே திரும்புச்சு. அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க பலமில்ல பலமில்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்களா, அப்பறம் என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன். புடிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங். விடறதுக்குத்தான் கை கேக்கமாட்டீங்குது."

நாச்சிமுத்து பெரிய படத்தை இழுத்து மேலே போட்டார். இரண்டு கை எதற்கு, சக்கரம் தரையில்தானே இருக்கிறது, தூக்கவா போகிறாள். இறக்கையில் பிடித்தால்தானே ஒரு பக்கம் மாட்டும். வாலுக்குச் சற்று முன்னால், உடம்பு மெலிகிற இடத்தில், நடுவில் ஒரே கையால் பிடித்தால் எப்போது விட்டாலும் மூக்கு திரும்பாது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சீவி, வார்னிஷ் இரண்டு பூச்சு அதிகமாகக் கொடுத்து வழவழப்பாக்கிவிட்டால் போதும். ஆனால் விரல் தளரத் தளர எஞ்சின் கையிலிருந்து உருவிக்கொண்டு இழுக்க வேண்டும். இரண்டரை சிசி இழுத்தால் அந்தக் கைக்குள்ளேயே கத்திக்கொண்டு நின்றுவிடும். "ஒரே கையில, இங்க புடிச்சீன்னா" என்று ஆரம்பித்து விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எடது கையிலயே புடிக்கறனுங்" என்றாள்.

"எதுக்கு? வலது கைதான் நல்லா இருக்குதே."

"அதுக்கும் பழக வேண்டாமுங்களா." பிறகு, படத்தைப் பார்த்தபடியே, "ஆனா ஒண்ணுங். நீங்க கையத் தூக்குனதும் விடறதெல்லாம் இனி நடக்காது. அது விடறப்பத்தான் விடும். நீங்கதான் பாத்துட்டு நிக்கோணும்" என்றாள்.

அவருக்கு அந்த நடுவட்டம் தெரிந்தது. பிடி கையில், கம்பி விறைப்பாக, அந்தக் கோடியில் எஞ்சின் அலறிக்கொண்டிருக்க, எப்போது என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விமானத்தில் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. போனை எடுத்துச் செல்வினைக் கூப்பிட்டார்.

"ஏழரையே குடுத்துருங்க."

"அப்டிப் போடுங்க சார். டாங்கி? இதுக்கும் அந்தச் சின்னதேவா?"

நாச்சிமுத்து வசந்தாமணியைப் பார்த்தார். அவள் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். "சின்னதே போதும்" என்றார்.

போகிற வழியில் மருந்துக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். வசந்தாமணி இறங்கினாள். இடது கை அவர் தோளிலேயே இருந்தது, சட்டையோடு சேர்த்து இறுகப் பிடித்தபடி. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார், கையை எடுத்துவிடவில்லை, வா என்று சொல்லவில்லை. கட்டைவிரல் முதலில் அசைந்தது. பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், பிறகு இன்னொரு தரம் நீளமாக அடித்தார். நாச்சிமுத்து வண்டியை நகர்த்தவில்லை.